காலத்தின் மேல் போட்ட பழி

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர்களைப் பற்றி எழுதத் தொடங்குகிறவர்கள், அவ்வூர்கள் உயிரோடு இருக்கும்போதே அவற்றுக்கு இரங்கலுரை எழுதிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. கதவடைத்த கடைவீதி, புகை நின்றுபோன ஆலை, பட்டணத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் தேவாலயம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் 'காலம் மாறிவிட்டது, யாரை நொந்து என்ன பயன்' என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறார்கள். இந்தப் பெருமூச்சை நான் நெடுநாளாகவே சந்தேகத்துடன் பார்த்து வருகிறேன். காலம் எந்த ஆலையையும் மூடியதில்லை. எந்தத் தொழிலாளியின் கூலியையும் குறைத்ததில்லை. எந்த ஆற்று நீரையும் கெடுத்ததில்லை. இவை அனைத்தையும் மனிதர்களே, ஒரு குறிப்பிட்ட நாளில், ஓர் அறையில் உட்கார்ந்து, தங்கள் லாப நஷ்டங்களை யோசித்து, தீர்மானித்துச் செய்தார்கள். அந்தத் தீர்மானங்களில் பலவற்றைத் தேதியோடு எடுத்துச் சொல்ல முடிகிற ஊர் ஒன்று அயோவா மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் இருக்கிறது. ஸ்டார்ம் லேக் என்பது அதன் பெயர்.

பனிப்பாறைகள் உருகி விலகியபோது விட்டுச்சென்ற, மூவாயிரம் ஏக்கருக்குச் சற்று மிகுந்த பரப்புள்ள, ஆழம் குறைந்த ஓர் ஏரியின் வடகரையில் அவ்வூர் அமைந்திருக்கிறது. ஏரியின் பெயரே ஊரின் பெயருமாயிற்று. பியூனா விஸ்டா என்ற கவுண்டிக்கு, நம் வழக்கில் சொன்னால் ஒரு சிறு வட்டாரத்துக்கு, அதுவே தலைநகர். அந்தப் பெயரிலேயே ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது. 1847ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மெக்ஸிகோவின் வடபகுதியில், ஜெனரல் டெய்லரின் அமெரிக்கச் சேனை மெக்ஸிகோ சேனையை எதிர்த்து நின்று வென்ற போர்க்களத்தின் பெயர் அது; நான்கு ஆண்டுகளுக்குப் பின் இந்த வட்டாரத்தின் எல்லைகளை வகுத்தவர்கள் அந்த வெற்றியின் ஞாபகமாக அதைச் சூட்டினார்கள். மெக்ஸிகோவில் பிறந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் வாழ்கிற ஊராக அதே வட்டாரத்தின் தலைநகர் ஒருநாள் ஆகும் என்று அன்று பெயரிட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அந்த நிலம் வெற்றுநிலமாகக் கிடந்து, குடியேறிகள் வந்ததும் உழுபட்டது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் பாதிதான் உண்மை. டகோட்டா மக்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த பூமி அது. 1851ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட இரண்டு உடன்படிக்கைகளின் மூலம், மினஸோட்டாவின் தென்பாதியோடு அயோவாவின் வடமேற்கு மூலையும் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பிறகு 1870ஐ ஒட்டி இரயில் பாதை வந்தது. பாதையைத் தொடர்ந்து ஊரும் எழுந்தது. 1873இல் அது முறைப்படி நகராட்சியாகியது. 1891இல் பிரெஸ்பிடேரியன் சபையார் அங்கே ஒரு கல்லூரியை நிறுவினார்கள்; இன்று அது பல்கலைக்கழகம்.

ஊரைவிட அதைச் சூழ்ந்த மண்ணின் கதையையே நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பின்னால் வரப்போகும் வழக்கின் வேர் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆளுயரப் புல்வெளியும், இடையிடையே தேங்கி நிற்கும் சதுப்புக் குட்டைகளுமாக இருந்த அந்தப் பிரதேசத்தில், மழைநீர் எங்கும் ஓடிவிடாமல் நின்று, மெல்ல ஊறி, புல்லின் வேர்களை ஆண்டாண்டாக அழுகச் செய்து, உலகத்திலேயே மிக வளமான கரிய மண்ணை உண்டாக்கியிருந்தது. அந்த மண்ணை உழவேண்டுமானால் முதலில் நீரை வடிக்கவேண்டும். எனவே நிலத்துக்கு அடியில், வேர் இறங்கும் ஆழத்துக்கும் கீழே, சுட்ட களிமண் குழாய்களை வரிசை வரிசையாகப் புதைத்து, ஊறி இறங்கும் நீரை அவற்றின் வழியே திரட்டி, வெட்டிய வாய்க்கால்களில் விட்டு, ஆற்றில் சேர்த்தார்கள். ஒருவன் நிலத்து நீர் இன்னொருவன் நிலத்தின் வழியாகத்தான் போகவேண்டும் என்பதால், வடிகால் மாவட்டங்கள் என்ற அமைப்புகளைச் சட்டம் உண்டாக்கியது. வட்டார ஆட்சிக் குழுவினரே அவற்றின் தர்மகர்த்தாக்களாக ஆனார்கள். மாநிலத்தின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை மூடியிருந்த புல்வெளியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூட்டிவைத்த செல்வத்தை இரண்டு தலைமுறைகளில் விளைச்சலாக மாற்றிக் காட்டிய இந்தப் பிரயத்தனத்தை நான் இகழவில்லை. அந்தக் குழாய்களைத் தோளில் சுமந்து, சேற்றில் நின்று, மண்வெட்டியால் பள்ளம் தோண்டிப் புதைத்தவர்கள் பெரும் உழைப்பாளிகள். ஆனால் அவர்கள் வெட்டிய வழியில் நீர் மட்டுமே போகும் என்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது.

நிலம் தானியத்தைத் தந்தது. தானியம் பன்றிகளை வளர்த்தது. பன்றிகளுக்காக ஊரில் ஓர் இறைச்சி ஆலை வந்தது. ஹைகிரேட் என்ற நிறுவனம் அதை நடத்திய காலத்தில், அங்கே வேலை பார்த்தவர்கள் தொழிற்சங்கத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள். கத்தி பிடிக்கும் வேலை கடினமானதுதான்; ஆயினும் அந்தக் கூலியைக் கொண்டு ஒருவர் சொந்த வீடு வாங்கலாம், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பலாம், முதுமையில் ஓய்வூதியத்தோடு ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்காரலாம். பள்ளியை முடித்த இளைஞன் ஊரிலேயே நிலைப்பதற்கு அந்த ஆலைவாசல் போதுமான காரணமாக இருந்தது.

1981இல் நிர்வாகம் கூலியில் மணிக்கு மூன்று டாலர் குறைத்துக்கொள்ளச் சொல்லியது. தொழிலாளர்கள் மறுத்தார்கள். அக்டோபர் மாதத்தில் ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய ஐந்நூறு பேர் வேலை இழந்தார்கள். அப்போது ஒன்பதாயிரம் பேருக்கும் குறைவாக வாழ்ந்த ஊரில் ஐந்நூறு சம்பளங்கள் நின்றுபோவது எத்தகைய இடி என்பதை விவரிக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டே ஐ.பி.பி. என்ற நிறுவனம் ஆலையை வாங்கித் திறந்தது. ஆரம்பக் கூலி மணிக்கு ஆறு டாலர்; சங்கம் கிடையாது; பழைய தொழிலாளர்களில் மிகச் சிலருக்கே மீண்டும் வேலை கிடைத்தது.

இந்த ஐ.பி.பி. நிறுவனமும் அயோவாவிலேயே, 1960ஆம் ஆண்டு டெனிஸன் என்ற சிற்றூரில் பிறந்ததுதான். அதுவரை சிகாகோ போன்ற பெருநகரங்களில், நீண்ட காலம் பழகித் தேர்ந்த கசாப்புத் தொழிலாளிகள் செய்துவந்த வேலையை, அது சிறு சிறு வெட்டுகளாகப் பிரித்து, நகரும் சங்கிலியின் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வெட்டை ஒப்படைத்தது. நாளெல்லாம் ஒரே வெட்டை வெட்டுகிறவருக்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டியதில்லை. அவர் போனால் இன்னொருவரை நிறுத்திக்கொள்ளலாம். ஆடுமாடுகளை இரயிலேற்றி நகரத்துக்கு அனுப்புவதற்குப் பதில், ஆலையையே மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் அருகில், சங்கங்கள் வேரூன்றாத சிற்றூர்களில் கொண்டுபோய் வைத்தால் செலவு குறையும் என்பது அதன் கணக்கு. கணக்கு பலித்தது. சிகாகோவின் புகழ்பெற்ற கால்நடைச் சந்தை 1971இல் மூடப்பட்டது. இன்று அமெரிக்கர் வீட்டு மேசையில் இறைச்சி மலிவாக இருப்பதற்கு உள்ள காரணங்களில், ஸ்டார்ம் லேக் போன்ற ஊர்களில் ஒருநாள் குறைக்கப்பட்ட அந்தக் கூலியும் ஒன்று.

அதே ஆண்டுகளில் விவசாயிகளின் நிலைமையும் சரிந்தது. மழை பொய்த்ததனால் வந்த சரிவு அன்று அது. 1980இன் தொடக்கத்தில் ஜனாதிபதி கார்ட்டர் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதைத் தடுத்தார். விலைவாசி ஏற்றத்தை அடக்குவதற்காக மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. அவ்வாண்டின் இறுதியில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களுக்கே இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்டன. முந்திய பத்தாண்டில் 'இன்னும் வாங்குங்கள், இன்னும் விதையுங்கள்' என்று கடன் கொடுத்து ஊக்கியவர்களே இப்போது வாசலில் வந்து நின்றார்கள். அயோவாவில் ஓர் ஏக்கர் விளைநிலத்தின் சராசரி மதிப்பு 1981இல் 2,147 டாலராக இருந்தது. 1986இல் அது 787 டாலர். அந்தப் பத்தாண்டில் மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சத்துக்கும் மேலாகக் குறைந்துபோயிற்று. பக்கத்து ஊர்கள் பலவற்றில் பள்ளிகளை இணைத்தார்கள், பிறகு மூடினார்கள்.

ஸ்டார்ம் லேக் மட்டும் தேயாமல் நின்றதற்குக் காரணம், அங்கே வேறொரு தீர்மானத்தின் பயன் வந்து சேர்ந்ததுதான். அந்தத் தீர்மானத்தைச் செய்தவர் ராபர்ட் ரே; குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்; அயோவாவின் அன்றைய கவர்னர். வியட்நாமின் வடமேற்கு மலைகளைச் சேர்ந்த தை டாம் என்ற சிறு இனத்தார், டியன் பியன் பூ போருக்குப் பின் தாயகத்தை விட்டு லாவோஸுக்கு ஓடி, 1975இல் அங்கிருந்தும் ஓடி, தாய்லாந்து முகாம்களில் தவித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் கூட்டம் சிதறாமல் ஒரே இடத்தில் வாழ வழிசெய்யும்படி அவர்கள் சார்பில் பல மாநிலங்களின் கவர்னர்களுக்குக் கடிதங்கள் போயின. பதில் எழுதி, கைகொடுத்தவர் ரே ஒருவரே. அகதிகளை நாடெங்கும் பிரித்துப் பரப்பவேண்டும் என்பது அப்போதைய மத்திய சர்க்காரின் கொள்கை. அதற்கு விலக்குப் பெற்று, சுமார் ஆயிரத்து இருநூறு பேரை அவர் அயோவாவுக்கு அழைத்துக்கொண்டார். அகதிகளை ஏற்பதால் வாக்குக் கிடைக்காது என்பதை அறியாதவரல்லர் அவர். ஆயினும் செய்தார், பின்னும் தேர்தலில் நின்றார், ஜனங்கள் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். துணிந்து நல்லது செய்கிறவரை மக்கள் கைவிடுவார்கள் என்று எதிர்பார்த்து அஞ்சுகிற அரசியல்வாதிகள் அயோவாவின் இந்த அத்தியாயத்தைப் படிக்கவேண்டும்.

மாநிலத்தில் இவ்வாறு வேரூன்றிய லாவோஸ் மக்களைத் தேடித்தான் ஆலையின் ஆள் சேர்ப்பு முதலில் போயிற்று. உறவினரை அழைத்து வருகிறவருக்கு வெகுமானம் என்று நிர்வாகம் அறிவித்தது. சித்தப்பா வந்தார், அவர் மைத்துனர் வந்தார், பிறகு அந்த மைத்துனரின் ஊரார் வந்தார்கள். அடுத்துத் தொண்ணூறுகளில் மெக்ஸிகோவிலிருந்தும், டெக்ஸாஸ், கலிபோர்னியா மாநிலங்களிலிருந்தும் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் மத்திய அமெரிக்கா, சூடான், மைக்ரோனேஷியத் தீவுகள், மியான்மர் ஆகிய இடங்களிலிருந்தும் வந்தார்கள். 1980இல் 8,814ஆக இருந்த ஜனத்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 11,269 ஆயிற்று. சுற்றுப்புற ஊர்களில் வகுப்பறைகள் காலியாகிக்கொண்டிருக்க, இங்கே இடம் போதவில்லை. ஊர்ப் பள்ளிகளில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். வெள்ளையர் அல்லாத பிள்ளைகளே அங்கே பெரும்பான்மை.

இதை ஓர் இனிய கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. வந்தவர்களை உள்ளூர் மக்கள் அனைவரும் மாலையிட்டு வரவேற்கவில்லை. ஹைகிரேட் ஆலையில் வேலை இழந்தவர்களின் மனத்தில், தங்கள் கூலியைப் பறித்தவர்கள் இந்தப் புதியவர்களே என்ற எண்ணம் ஏற்பட்டது இயல்பே. ஆனால் அது பிழையான எண்ணம். கூலி குறைந்தது முதலில்; புதியவர்கள் வந்தது பிறகு. பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த ஏழை, அவனுக்கு முன்னால் வேலையிழந்து நின்ற ஏழையின் பகைவனாகக் காட்டப்பட்டபோது, தேதியைச் சரிபார்த்துச் சொல்ல அங்கே ஆள் வேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியேற்ற அதிகாரிகள் ஆலைக்குள் புகுந்து, அனுமதிப் பத்திரமில்லாத அறுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கைது செய்து கொண்டுபோனார்கள். அவர்கள் பிடித்திருந்த கத்திகளுக்கு வேறு கைகள் வந்தன. சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது.

ஊரின் காவல்துறைத் தலைவராக 1989 முதல் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மார்க் ப்ராஸர் இவ்விஷயத்தில் செய்த காரியம் குறிப்பிடத் தக்கது. திருட்டுக் கொடுத்தவரும் அடிபட்டவரும் காவல் நிலையத்துக்கு வரவே அஞ்சுகிற ஊரில் காவல் எப்படி நடக்கும் என்று யோசித்த அவர், வருகிறவரின் குடியேற்றப் பத்திரங்களைத் தோண்டித் துருவுவது தம் காவலர்களின் வேலையல்ல என்று வகுத்துக்கொண்டார். ஸ்பானிய மொழியும் லாவோ மொழியும் தெரிந்தவர்களைச் சமூகச் சேவை அலுவலர்களாக நியமித்தார். குடியேற்றச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று தலைநகர் வரையில் சென்று வாதாடினார். அந்த வட்டாரத்தின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் பதினெட்டு ஆண்டுகள் இருந்த ஸ்டீவ் கிங் என்பவரோ, குடியேறிகளைப் பழித்துப் பேசுவதிலேயே நாடறிந்த பெயர் எடுத்தவர். ஒரே பகுதியில், ஒரே பிரச்சினையைக் குறித்து, இரண்டு மனிதர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ள முடிந்தது என்பதை, 'காலத்தின் போக்கு' என்று பேசுகிறவர்கள் எப்படி விளக்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2001இல் ஐ.பி.பி. நிறுவனத்தை டைஸன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2020இல் கொரோனா வந்தது. தோளோடு தோள் உரச நின்று வெட்டும் ஆலைகளில் நோய் தீயாகப் பரவிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தின் இறுதியில், இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்கவேண்டும் என்று ஜனாதிபதியின் உத்தரவு பிறந்தது. மே மாத முடிவில் ஸ்டார்ம் லேக் பன்றி இறைச்சி ஆலையின் 2,517 தொழிலாளர்களில் 555 பேருக்குத் தொற்று இருந்தது. அதன் பிறகே சில நாட்களுக்கு ஆலை நிறுத்தப்பட்டது. 'இன்றியமையாத தொழிலாளர்' என்று அந்த வசந்தத்தில் அவர்களுக்குச் சூட்டிய பட்டத்தை நான் மறக்கவில்லை. இன்றியமையாதவர் என்று சொல்லிவிட்டு, அவரில் பலருக்கு வாக்குரிமை இல்லை, சிலருக்கு நாட்டில் தங்கும் உரிமைகூட உறுதியில்லை என்ற நிலையை அப்படியே விட்டுவைத்திருப்பது பெரிய அநீதி. வேலை வாங்கத் தெரிந்த தேசத்துக்குப் பிரஜையாக ஏற்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

இத்தனை விவரங்கள் நமக்குத் தெரியவந்ததற்குக் காரணம், அந்த ஊருக்கு ஒரு பத்திரிகை இருந்ததுதான். 1990இல் ஜான் கல்லன் என்பவர் ஸ்டார்ம் லேக் டைம்ஸ் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அவர் தம்பி ஆர்ட் கல்லன் அதன் ஆசிரியரானார். ஆர்ட்டின் மனைவி டொலோரஸ் புகைப்படம் எடுத்துக் கட்டுரையும் எழுதினார். மகன் டாம் செய்தியாளராக இருந்தார். சுமார் மூவாயிரம் பிரதிகள், வாரத்துக்கு இரண்டு இதழ்கள், பத்துப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடுகிற அலுவலகம். பள்ளிக்குழுக் கூட்டம், ஏரியின் பனி உடையும் நாள், புதிதாய்த் திறந்த டாக்கோ கடை, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் காலமானார் என்பனவெல்லாம் அதில் வந்தன.

2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாநிலத் தலைநகரான டி மாயினின் குடிநீர் நிறுவனம், பியூனா விஸ்டா, சேக், கல்ஹூன் ஆகிய மூன்று வட்டாரங்களின் ஆட்சிக் குழுக்கள் மேல், வடிகால் மாவட்டங்களின் தர்மகர்த்தாக்கள் என்ற முறையில் வழக்குத் தொடர்ந்தது. மக்காச்சோளத்துக்குப் போடும் உரத்திலும் சாணத்திலும் உள்ள நைட்ரேட் மண்ணில் தங்காமல் நீரில் கரைந்து, அன்று புதைத்த குழாய்களின் வழியே வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ரக்கூன் ஆற்றுக்கும் வந்துவிடுகிறது; அந்த ஆற்று நீரைத்தான் தலைநகர் குடிக்கிறது. ஒரு லிட்டரில் பத்து மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் வடிவ நைட்ரஜன் இருந்தால் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கக்கூடும் என்பதனால், அந்த அளவுக்கு மேற்பட்டதைப் பிரித்தெடுக்கவேண்டும். அந்தச் செலவை நகரத்து ஜனங்கள் ஏன் சுமக்கவேண்டும் என்பது வழக்கு. ஊரோ ஒரே குரலில் வட்டாரத்தின் பக்கம் நின்றது. பட்டணத்தார் நம் விவசாயிகளைக் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள் என்று கோபப்பட்டது.

ஆர்ட் கல்லன் ஒரு கேள்வியைக் கேட்டார். இந்த வழக்கை நடத்தப் பெருநகரத்து வக்கீல்களை அமர்த்தியிருக்கிறீர்களே, அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆட்சிக் குழுவினர் சொல்ல மறுத்தார்கள். பத்திரிகை விடவில்லை, தகவல் உரிமைக்காகப் பாடுபடும் மாநில அமைப்பு ஒன்றின் துணையோடு ஆவணங்களைக் கேட்டது, மகன் செய்தி திரட்ட, தந்தை தலையங்கம் எழுத, வேளாண் வணிகச் சங்கம் ஒன்று இரகசியமாகத் திரட்டிய நிதியிலிருந்து பணம் வருகிறது என்ற உண்மை வெளிவந்தது. பொது அதிகாரத்தில் இருப்பவர்களின் வழக்குக்குத் தனியார் நிறுவனங்கள் மறைவாகப் பணம் கொடுக்கும்போது, வட்டாரம் யாருக்காக வாதாடுகிறது என்பது மக்களுக்குத் தெரியவேண்டாமா என்று தலையங்கங்கள் கேட்டன. உள்ளூரில் விளம்பரம் கொடுக்கிறவர்களும், காலையில் காப்பிக் கடையில் எதிரே உட்காருகிறவர்களும் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினார்கள். 2017 மார்ச்சில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இந்தப் பிரச்சினை சட்டசபையில் தீரவேண்டியது என்று அது கருதியது. மறு மாதம் தலையங்கங்களுக்கான புலிட்சர் பரிசு ஸ்டார்ம் லேக் டைம்ஸின் ஆர்ட் கல்லனுக்குக் கிடைத்தது.

பரிசைக் காட்டிலும் நான் மதிப்பது அந்தக் கேள்வியையே. காலத்தின் பேரில் எழுதப்பட்டிருந்த ஒரு செலவுக் கணக்கை எடுத்து, அதில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்ட கேள்வி அது. 2005க்குப் பிறகு அமெரிக்காவில் 2,500க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் நின்றுபோயின. அவற்றில் பெரும்பாலானவை இத்தகைய சிற்றூர் வார இதழ்கள். அந்த ஊர்களிலும் ஆட்சிக் குழுக்கள் கூடுகின்றன, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன, வக்கீல்களுக்குப் பணம் போகிறது. பார்த்து எழுத ஆளில்லை. ஸ்டார்ம் லேக்கில் இருந்த இரண்டு பத்திரிகைகளும் போட்டியிட்டு நிற்க வருவாய் போதாமல், 2022இல் டைம்ஸ் மற்றதை வாங்கி ஒன்றாக்கிக்கொண்டது.

கெட்ட நீரை மீட்கவும் முடியும் என்பதற்குச் சாட்சியாக, ஊரின் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. சுற்றுப்புற வயல்களிலிருந்து மண் அரித்து வந்து அதை மேடாக்கிக்கொண்டிருந்தது. ஊராரும் மாநிலமும் சேர்ந்து 2002 முதல் ஆண்டுக்கணக்காகத் தூர்வாரி அதை மீட்டார்கள். ஏரியைப் புதுப்பிக்க முடிந்தவர்களுக்கு ஆற்றைப் புதுப்பிக்கவும் முடியும். கரையோரத்தில் பழைய புல்லை மீண்டும் வளர்ப்பதும், அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாகப் போடாமல் மூடுபயிர் விதைப்பதும், வடிகாலின் முனையில் சிறு சதுப்பு நிலங்களை மீண்டும் உண்டாக்குவதும் அயோவாவின் விவசாயப் பல்கலைக்கழகத்தாரே சொல்லிவருகிற வழிகள். அவற்றைக் கட்டாயமாக்கும் சட்டத்தைச் சட்டசபை இயற்றவில்லை. நீதிமன்றம் சட்டசபையைக் கைகாட்டிய எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரக்கூன் ஆற்றிலும் டி மாயின் ஆற்றிலும் நைட்ரேட் மிகுந்து சுத்திகரிப்பு ஆலைகள் திணறியபோது, மத்திய அயோவாவில் ஆறு லட்சம் ஜனங்களுக்குக் குடிநீர் தரும் நிறுவனம், வீட்டுப் புல்லுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது என்று தடை விதித்தது.